மாரிகோப்பா கவுண்டியின் அரசியல் சாய்வும் வாக்குப்பதிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை நடுவே கொண்டு விரிந்துள்ள மாரிகோப்பா கவுண்டியின் பெயர் 2020 முதல் ஒவ்வொரு தேர்தலின்போதும் செய்திகளில் அடிபடுகிறது. செய்திகள் பெரும்பாலும் வரைபடத்தின் நிறத்தோடு (குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம்) நின்றுவிடுகின்றன. அந்த நிறம் எப்படி உருவாகிறது, எத்தனை பேர் வாக்களித்து அதை உருவாக்குகிறார்கள், ஏன் மாறுகிறது என்பவற்றை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போன்றதா?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகு என்ற அளவில் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். ஆனால் நம் மாவட்டத்தை அரசு நியமிக்கும் ஆட்சியர் நிர்வகிக்கிறார்; மாரிகோப்பாவை மக்கள் தேர்ந்தெடுக்கும் 5 உறுப்பினர் மேற்பார்வையாளர் குழு நிர்வகிக்கிறது. காவல் பொறுப்பை ஏற்கும் ஷெரிஃப், குற்ற வழக்குகளை நடத்தும் கவுண்டி வழக்கறிஞர், கருவூலர், ஆவணங்களையும் வாக்காளர் பட்டியலையும் பேணும் பதிவாளர் ஆகியோரும் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று வெல்பவர்களே.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியத் தேர்தல் ஆணையத்தைப் போல நாடு முழுவதும் வாக்குப்பதிவை நடத்தும் ஒரே அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. அதிபர் தேர்தலாக இருந்தாலும், வாக்குச்சீட்டை அச்சிடுவது, வாக்குச்சாவடி அமைப்பது, எண்ணுவது எல்லாம் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நிர்வாகத்தின் வேலைதான். மாரிகோப்பாவில் வாக்காளர் பதிவும் தபால் வாக்கும் பதிவாளர் அலுவலகத்தின் பொறுப்பு. தேர்தல் நாள் வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் மேற்பார்வையாளர் குழுவின் பொறுப்பு. ஆகவே கவுண்டியின் அரசியலும் வாக்குப்பதிவு நடைபெறும் விதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒரு கவுண்டிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாரிகோப்பாவில் 44,20,568 பேர் வாழ்கிறார்கள். அரிசோனாவின் மொத்த மக்கள்தொகை அப்போது சுமார் 71.5 லட்சம், அதாவது மாநிலத்தில் 10 பேரில் 6 பேர் இந்த ஒரே கவுண்டியில் இருக்கிறார்கள். பரப்பளவு ஏறக்குறைய 23,900 சதுர கிலோமீட்டர். நியூஜெர்சி மாநிலத்தைவிடப் பெரிது. மாநிலத்தில் உள்ள மற்ற 14 கவுண்டிகளையும் சேர்த்தாலும் மாரிகோப்பாவின் வாக்குகளுக்கு ஈடாகாது என்பதால், இங்கே ஏற்படும் சிறு அசைவும் மாநில முடிவைத் தூக்கிவிடும் அல்லது கவிழ்த்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு: மாரிகோப்பா என்ற பெயரில் ஒரு நகரமும் உண்டு. அங்குள்ள மகா கணபதி கோயிலுக்குச் செல்லும் தமிழர்கள் பலர். அந்த நகரம் இருப்பது மாரிகோப்பா கவுண்டியில் அல்ல. தெற்கே உள்ள பினால் கவுண்டியில். தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாரிகோப்பா எந்தக் கட்சியின் கோட்டை?

நீண்ட காலம் அது குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1948இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமன் இங்கு வென்றபின், 1952 முதல் 2016 வரை நடந்த 17 அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சி வேட்பாளரே முதலிடம் பெற்றார். 1996இல் பில் கிளின்டன் அரிசோனா மாநிலத்தையே கைப்பற்றியபோதும் மாரிகோப்பா குடியரசுக் கட்சியின் பாப் டோலின் பக்கமே நின்றது. பேரி கோல்ட்வாட்டர், ஜான் மெக்கெய்ன் என்ற இரண்டு அதிபர் வேட்பாளர்களைக் குடியரசுக் கட்சிக்கு அளித்த மண் இது.

2012இல் அக்கட்சியின் மிட் ராம்னி இங்கு 10 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். 2016இல் டொனால்ட் டிரம்ப் வென்றாலும் வித்தியாசம் 44,454 வாக்குகளாக, ஏறக்குறைய 3 புள்ளிகளாகச் சுருங்கியது. 2020இல் ஜோ பைடன் 10,40,774 வாக்குகளும் டிரம்ப் 9,95,665 வாக்குகளும் பெற, 45,109 வாக்கு வித்தியாசத்தில் கவுண்டி கைமாறியது. மாநில அளவில் பைடனின் வெற்றி வித்தியாசம் வெறும் 10,457 வாக்குகளே என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், மாரிகோப்பா இல்லாமல் அவருக்கு அரிசோனா இல்லை என்பது விளங்கும். 2024இல் டிரம்ப் கமலா ஹாரிஸைவிடச் சுமார் 71,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றுக் கவுண்டியை மீட்டார்.

எனவே இன்றைய நிலையில் அதைக் கோட்டை என்று அழைப்பது பொருந்தாது. குடியரசுக் கட்சிக்குச் சற்றே சாதகமான களம். ஆனால் வேட்பாளரைப் பார்த்து முடிவு மாறும் களம் என்பதே சரியான விவரிப்பு.

2020இல் ஏற்பட்ட மாற்றத்துக்கு என்ன காரணம்?

ஒரே காரணத்தைச் சுட்டுவது நேர்மையாகாது. பல ஓடைகள் சேர்ந்து வந்த வெள்ளம் அது. முதலாவது, புறநகர்களில் வாழும், கல்லூரிப் படிப்பு முடித்த, மரபாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வந்த குடும்பங்களில் ஒரு பகுதி டிரம்பிடமிருந்து விலகியது. 2018 ஆகஸ்டில் மறைந்த மெக்கெய்னை டிரம்ப் இகழ்ந்து பேசியது அரிசோனாவில் எளிதில் மறக்கப்படவில்லை. மேசா, கில்பர்ட் பகுதிகளில் கணிசமாக வாழும் மார்மன் சமயத்தவரிடமும் தயக்கம் தெரிந்தது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த முன்னாள் செனட்டர் ஜெஃப் ஃப்ளேக் வெளிப்படையாகவே பைடனை ஆதரித்தார்.

இரண்டாவது, ஹிஸ்பானிய இளைஞர்களின் அரசியல் விழிப்பு. கவுண்டியின் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதத்தினர் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்கள். 2010இல் ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்திட்ட எஸ்.பி. 1070 என்ற சட்டம், சட்டப்படி தடுத்து நிறுத்தப்படும் ஒருவர் உரிய ஆவணமின்றி நாட்டில் இருப்பதாக நியாயமான ஐயம் எழுந்தால் அவரது குடிவரவு நிலையைக் காவலர்கள் சோதிக்க வேண்டும் என்றது. இதற்கிடையே ஷெரிஃப் ஜோ ஆர்பயோவின் காவலர்கள் ஹிஸ்பானியரைக் குறிவைத்து வாகனங்களை நிறுத்தினார்கள் என்று 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளில் பள்ளி மாணவர்களாக இருந்து ஊர்வலம் சென்றவர்கள், பின்னர் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவு செய்யும் பணியாளர்களானார்கள்.

மூன்றாவதாகக் குடிபெயர்ச்சி. கலிஃபோர்னியா போன்ற பிற மாநிலங்களிலிருந்து ஆண்டுதோறும் வந்து குவிந்த மக்கள் வாக்காளர் பட்டியலின் சேர்க்கையையே மாற்றினார்கள். ஆனால் வருபவர்கள் அனைவரும் ஜனநாயகக் கட்சியினர் என்ற எண்ணம் தவறு. பழமைவாதச் சார்பு காரணமாகவே அரிசோனாவைத் தேர்ந்தெடுத்து வருபவர்களும் உண்டு.

வாக்குப்பதிவு கூடினால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்பது உண்மையா?

இது பரவலாக நம்பப்படும் கருத்து. மாரிகோப்பாவின் அனுபவம் அதை ஏற்கவில்லை. 2020இல் 20,89,563 பேர் வாக்களித்தார்கள். பதிவு செய்தவர்களில் 80.5 சதவீதம். 2024இலும் வாக்களித்தோர் தொகை ஏறக்குறைய அதே 20.8 லட்சம்தான். வாக்குப்பதிவு பெரிய அளவில் சரியவில்லை, ஆனால் முடிவு தலைகீழானது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பெற்ற வாக்குகள் 60 ஆயிரத்துக்கும் சற்று மேலாகக் குறைந்தன. டிரம்ப் பெற்றவை 55 ஆயிரத்துக்கும் மேலாகக் கூடின.

இந்த எண்களுக்குப் பின்னால் இரண்டு விதமான நகர்வுகள் உள்ளன. சென்ற முறை வாக்களித்த சிலர் கட்சி மாறினார்கள். விலைவாசி, வீட்டு வாடகை, எல்லைப் பாதுகாப்பு ஆகியவை அப்போது மக்கள் வாயில் இருந்த பேச்சு. அதே நேரத்தில் வாக்களித்தவர்கள் யார் என்பதும் மாறியது: பழைய வாக்காளர் சிலர் வீட்டிலேயே இருந்துவிட, அதுவரை வாக்களிக்காத வேறு சிலர் வந்தார்கள். ஃபீனிக்ஸ் நகரில் தலைமையகம் கொண்ட டர்னிங் பாயின்ட் என்ற பழமைவாத அமைப்பு, எப்போதாவது மட்டும் வாக்களிக்கும் ஆதரவாளர்களைத் தேடிப் பிடித்து வாக்களிக்கச் செய்வதையே 2024இல் தன் முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தது. எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கேள்விக்குக் குறையாத முக்கியத்துவம் எவர் வாக்களித்தார்கள் என்ற கேள்விக்கும் உண்டு.

ஒரே வாக்காளர் ஒரே நாளில் இரண்டு கட்சிகளுக்கும் வாக்களிக்கிறாரா?

ஆம். மாரிகோப்பாவைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்று கருதுகிறேன். அமெரிக்க வாக்குச்சீட்டில் அதிபர் முதல் பள்ளி வாரியம் வரை ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். நீதிபதிகள் பதவியில் தொடரலாமா, இன்ன சட்டத்தை ஏற்கலாமா என்ற கேள்விகளும் அதே சீட்டில் இருக்கும். 2024இல் மாரிகோப்பா வாக்காளருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டு இரண்டு தாள்களாக, இருபுறமும் அச்சிடப்பட்டு வந்தது.

2016 நவம்பரில் டிரம்புக்குப் பெரும்பான்மை அளித்த அதே கவுண்டி, அதே நாளில், 1993 முதல் ஷெரிஃபாக இருந்த குடியரசுக் கட்சியின் ஆர்பயோவைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்து, ஜனநாயகக் கட்சியின் பால் பென்சோனைத் தேர்ந்தெடுத்தது. 2018இல் ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் டக் டூசியும், செனட் பதவிக்கு அப்போது ஜனநாயகக் கட்சியில் இருந்த கிர்ஸ்டன் சினிமாவும் ஒரே நாளில் இங்கு முன்னிலை பெற்றார்கள். 2020இல் பைடன் வென்றபோதும் மேற்பார்வையாளர் குழுவில் ஐவரில் நால்வர் குடியரசுக் கட்சியினராகவே இருந்தார்கள். 2024இல் டிரம்ப் வென்ற கவுண்டியில் செனட் தேர்தலில் முதலிடம் பெற்றவர் ஜனநாயகக் கட்சியின் ரூபன் கேயகோ.

சட்ட முன்மொழிவுகளைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். 2024இல் அரிசோனா வாக்காளர்கள், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் 139ஆம் முன்மொழிவை 61 சதவீதத்துக்கும் மேலான ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அதே சீட்டில், சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் 314ஆம் முன்மொழிவையும் அதைவிடச் சற்று அதிக ஆதரவோடு ஏற்றார்கள். இந்த இரண்டுக்கும் வாக்களித்தவரை எந்த நிறத்தில் அடைப்பது? சாய்வு என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கும்போது இத்தகைய வாக்காளர் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார் என்பது என் கவலை.

பதிவு செய்த வாக்காளர்களில் எந்தக் கட்சியினர் அதிகம்?

வாக்காளராகப் பதியும்போதே கட்சியைக் குறிப்பிடும் வழக்கம் அரிசோனாவில் உண்டு. மாரிகோப்பாவில் குடியரசுக் கட்சியினர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எந்தக் கட்சியையும் குறிக்காதவர்களும் சிறு கட்சியினரும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஜனநாயகக் கட்சியினர் அதற்கும் கீழே. பதிவை மட்டும் வைத்து முடிவைக் கணிக்க முடியாததற்குக் காரணம் நடுவில் இருக்கும் அந்தக் கட்சி சாராத கூட்டமே.

வாக்குப்பதிவு விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இதில் கவனம் தேவை. கவுண்டி வெளியிடும் விழுக்காடு, பதிவு செய்த வாக்காளர்களை அடிப்படையாகக் கொண்டது. 2020இல் சுமார் 25.95 லட்சம் பேர் பதிந்திருந்தார்கள்; அதில் 80.5 சதவீதம் வாக்களித்தார்கள். ஆனால் 18 வயது நிரம்பிய குடிமக்களாக இருந்தும் பதியாதவர்கள் இந்தக் கணக்கின் வகுத்தியிலேயே இல்லை. வாக்களிக்கத் தகுதியுள்ள அனைவரையும் அடிப்படையாகக் கொண்டால், அரிசோனாவின் 2020 வாக்குப்பதிவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பதிவின் அடிப்படையில் மாநில விழுக்காடு 79.9 என்பதோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும்.

இந்தியாவில் வீடு வீடாக வந்து பட்டியல் சரிபார்க்கும் அலுவலர் முறை உண்டு. அரிசோனாவில் பதிவது தனி நபரின் பொறுப்பு. தேர்தலுக்கு 29 நாட்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும். ஆகவே நம் ஊர் விழுக்காட்டையும் அவர்கள் விழுக்காட்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் நிலைமை என்ன?

குறையும். மாநில அளவில் 2014இல் பதிவு செய்தோரில் 47.5 சதவீதத்தினர் மட்டுமே வாக்களித்தார்கள். 2018இல் அது ஏறக்குறைய 65 சதவீதமாகத் தாவியது, 2022இல் 62.6 சதவீதம். மாரிகோப்பாவும் இதே போக்கில்தான் நகர்ந்தது.

பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் நிலைமை மோசம். 2024 ஜூலையில் மாநில வாக்குப்பதிவு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் ஒரு கட்சியின் பிடி இறுகிய தொகுதிகளில் வெற்றியாளரை உண்மையில் முடிவு செய்வது அந்தத் தேர்தலே. 2020 தேர்தல் நேர்மையாக நடந்தது என்று தன் கட்சிக்காரர்களிடமே வாதாடிய குடியரசுக் கட்சியின் பதிவாளர் ஸ்டீஃபன் ரிச்சர், 2024 பிரைமரியில் ஜஸ்டின் ஹீப்பிடம் தோற்றுப் பதவியிழந்தார். நவம்பரில் வாக்களித்த 20 லட்சம் பேருக்கு அவரைப் பற்றி முடிவெடுக்கும் வாய்ப்பே வரவில்லை. கட்சி சாராதவர்கள் ஏதேனும் ஒரு கட்சியின் பிரைமரிச் சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களிக்கலாம் என்ற விதி இருந்தும், பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்யும் தேர்தலில் மட்டும் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

கவுண்டிக்குள் எங்கே வாக்குப்பதிவு அதிகம், எங்கே குறைவு?

வடமேற்கில் உள்ள சன் சிட்டி, 1960இல் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட குடியிருப்பு. அங்கும் செல்வந்தர் வாழும் ஸ்காட்ஸ்டேல், பாரடைஸ் வேலி பகுதிகளிலும் வாக்குப்பதிவு எப்போதும் உயர்ந்தே இருக்கும். குடியரசுக் கட்சிக்கு அவை பலம். மேற்கு ஃபீனிக்ஸின் மேரிவேல் போன்ற, ஹிஸ்பானிய உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தாலும் வாக்குப்பதிவில் பின்தங்குகின்றன. வயது, சொந்த வீடு, ஒரே முகவரியில் வாழும் காலம் ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கும். வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்ய மறந்தவருக்குத் தபால் சீட்டு பழைய முகவரிக்கே போகும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ள டெம்பி ஜனநாயகக் கட்சியின் பக்கமும், கில்பர்ட், குவீன் கிரீக் பகுதிகள் குடியரசுக் கட்சியின் பக்கமும் இருக்க, சாண்ட்லர் போன்ற ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகின்றன.

வாக்குரிமைக்குத் தடைகள் இருந்த வரலாறு உண்டா?

உண்டு, அதை விட்டுவிட்டு விழுக்காடுகளைப் பேசுவது முறையல்ல. 1924இல் அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அவர்கள் ‘பாதுகாவலரின் கீழ் உள்ளவர்கள்’ என்று பொருள்கொண்டு, 1928இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் அவர்களின் வாக்குரிமையை மறுத்தது. இந்தக் கவுண்டியில் உள்ள ஃபோர்ட் மெக்டவல் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஃபிராங்க் ஹாரிசன், ஹாரி ஆஸ்டின் என்ற இருவர் வாக்காளராகப் பதியச் சென்றபோது, மாரிகோப்பா பதிவாளர் ரோஜர் லவீன் மறுத்துவிட்டார். ஹாரிசன் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய வீரர். அவர்கள் தொடுத்த வழக்கில், 1948 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றி வாக்குரிமையை நிலைநாட்டியது. இன்றும் ஹாரிசன் எதிர் லவீன் என்ற பெயரிலேயே அந்த வழக்கு அறியப்படுகிறது.

அண்மைக் காலத்தில் நடந்தது 2016 மார்ச் 22இன் வரிசைகள். அதிபர் வேட்பாளர் தெரிவுக்கான அன்றைய வாக்குப்பதிவுக்குக் கவுண்டி முழுமைக்கும் 60 வாக்குச்சாவடிகள் மட்டுமே திறக்கப்பட்டன. 2012இல் சுமார் 200 இருந்தன. பெரும்பாலோர் தபாலில் வாக்களிப்பார்கள் என்று போட்ட கணக்கு பொய்த்துப்போனது. மக்கள் வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். சிலர் வாக்களித்து முடிக்கும்போது நள்ளிரவு கடந்திருந்தது. முன்பு அரிசோனா தன் தேர்தல் ஏற்பாடுகளை மாற்ற வேண்டுமானால் கூட்டாட்சி அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தபின் நடந்த நிகழ்வு இது. 1989 முதல் பதிவாளராக இருந்த ஹெலன் பர்செல் அவ்வாண்டு நவம்பரில் தோற்றார். இன்று எந்த வாக்காளரும் கவுண்டியின் எந்த மையத்திலும் வாக்களிக்கலாம். அவருக்குரிய சீட்டு அங்கேயே அச்சிட்டுத் தரப்படும்.

முடிவு வெளிவர ஏன் இத்தனை நாள் ஆகிறது?

மாரிகோப்பாவில் மிகப் பெரும்பாலானோர் முன்கூட்டியே, அதாவது வீட்டுக்குத் தபாலில் வரும் சீட்டின் மூலமே வாக்களிக்கிறார்கள். 2020இல் அவர்கள் 10க்கு 9 பேர். காரணம் சொல்லாமல் இப்படி வாக்களிக்கும் உரிமை 1990களின் தொடக்கத்திலிருந்தே அரிசோனாவில் இருக்கிறது, அதைக் கொண்டுவந்தவர்களும் முதலில் நன்கு பயன்படுத்தியவர்களும் குடியரசுக் கட்சியினரே. பொதுவாக ஒவ்வொரு உறையின்மீதும் உள்ள கையெழுத்தைக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிட்ட பின்னரே உறை பிரிக்கப்படும். கையெழுத்து பொருந்தாவிட்டால் வாக்காளரைத் தொடர்புகொண்டு உறுதிசெய்யத் தேர்தலுக்குப் பிறகும் சில நாட்கள் அவகாசம் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வீட்டில் நிரப்பிய சீட்டைத் தேர்தல் நாளன்று நேரில் கொண்டுவந்து பெட்டியில் போடுபவர்களால். 2022இல் அப்படி ஒரே நாளில் சுமார் 2,90,000 உறைகள் வந்து குவிந்தன. அவற்றின் கையெழுத்துச் சோதனை மறுநாள்தான் தொடங்க முடியும். போட்டி நெருக்கமாக இருந்தால் இந்த உறைகள் எண்ணி முடியும்வரை யாரும் வெற்றியை உறுதிசெய்ய இயலாது. அவ்வாண்டு மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவியை கிரிஸ் மேய்ஸ் வென்றது, ஏறக்குறைய 25 லட்சம் வாக்குகளில், மறுஎண்ணிக்கைக்குப் பின் 280 வாக்கு வித்தியாசத்தில். தாமதத்தைச் சதி என்று எண்ணுவோர் இந்த 280ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 தேர்தலில் முறைகேடு நடந்ததா?

முடிவை மாற்றக்கூடிய எந்த முறைகேடும் கண்டறியப்படவில்லை. அந்தத் தேர்தலில் முதலில் பரவியது ‘ஷார்ப்பி’ பேனா பற்றிய வதந்தி. மை மறுபக்கம் ஊறி வாக்கு செல்லாமல் போகும் என்றார்கள். புதிய எண்ணும் இயந்திரங்களில் ஈரமான மை படியாமலிருக்க, விரைவில் உலரும் அந்தப் பேனாவையே கவுண்டி வேண்டுமென்று கொடுத்தது. சீட்டின் இருபுறமும் உள்ள வட்டங்கள் நேருக்கு நேர் வராதபடி அச்சிடப்பட்டிருந்ததால், மை ஊறினாலும் மறுபக்க வாக்கைத் தொடாது.

அடுத்து, இரு கட்சியினரும் அமர்ந்து மாதிரிச் சீட்டுகளைக் கையால் எண்ணிய சட்டப்படியான சோதனையில் வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. அதன் பிறகும் மாநிலச் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைமை, சைபர் நிஞ்சாஸ் என்ற தனியார் நிறுவனத்தைக் கொண்டு 2021இல் கவுண்டியின் எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ண வைத்தது. சீட்டுகள் ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டன என்ற வதந்தியை நம்பி, சீட்டில் மூங்கில் நார் இருக்கிறதா என்றுகூடத் தேடினார்கள். செப்டம்பரில் வந்த அவர்களின் அறிக்கை, பைடனுக்கு 99 வாக்குகள் கூடுதலாகவும் டிரம்புக்கு 261 வாக்குகள் குறைவாகவும் காட்டியது. அந்த மாதங்களில் குடியரசுக் கட்சியினரான மேற்பார்வையாளர்களும் பதிவாளரும் மிரட்டல்களுக்கு நடுவே தங்கள் ஊழியர்களுக்குத் துணை நின்றது பாராட்டத்தக்கது.

2022இல் அச்சு இயந்திரங்கள் பழுதானது என்ன கதை?

அது வதந்தி அல்ல. உண்மையாகவே நடந்த கோளாறு. தேர்தல் நாளன்று 223 மையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், சீட்டுகள் மங்கலாக அச்சாகி எண்ணும் இயந்திரம் அவற்றை ஏற்க மறுத்தது. ஓய்வுபெற்ற மாநிலத் தலைமை நீதிபதி ரூத் மெக்ரெகர் விசாரித்து, நீளமான சீட்டும் தடித்த தாளும் அச்சு இயந்திரங்களின் திறனை மீறியதே காரணம் என்று 2023இல் அறிக்கை அளித்தார். இயந்திரம் ஏற்காத சீட்டுகளைத் தனிப் பெட்டியில் போட வசதி இருந்தது. அவை மைய அலுவலகத்தில் எண்ணப்பட்டன. தேர்தல் நாளன்று நேரில் வந்தவர்களில் குடியரசுக் கட்சியினர் மிகுதி என்பதால் அவர்களின் கோபம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் இதைக் காட்டி ஆளுநர் தேர்தல் முடிவை எதிர்த்து, அதில் தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் கேரி லேக் தொடுத்த வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

அங்கு வாழும் தமிழர்கள் வாக்காளராகப் பதிய என்ன செய்ய வேண்டும்?

குடியுரிமை பெற்றவர் மட்டுமே பதியலாம். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர், தெரியாமல் பதிந்தாலும் அவருடைய குடிவரவு நிலைக்கே ஆபத்து நேரிடலாம். வாகன உரிம அலுவலகப் படிவத்தில் வாக்காளர் பதிவுக்கான கட்டத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2004இல் நிறைவேறிய 200ஆம் முன்மொழிவின்படி, அரிசோனாவில் பதிவோர் குடியுரிமைச் சான்று அளிக்க வேண்டும். சான்று அளிக்காதவர்கள் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் வாக்களிக்கும் தனிப் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள்; ஆளுநர், ஷெரிஃப், பள்ளி வாரியம் ஆகியவை அவர்களின் சீட்டில் இருக்காது. சாண்ட்லர் சிப் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து, விசாவில் இருந்த காலத்திலேயே அரிசோனா ஓட்டுநர் உரிமம் பெற்று, பின்னர் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய உரிம எண்ணே சான்றாகும் என்று எண்ணாமல், குடியுரிமைச் சான்றிதழின் விவரத்தைப் படிவத்தில் தர வேண்டும்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோர் எப்படி வாக்களிப்பது?

வாக்குச்சீட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கிடைக்கும்; தமிழில் இல்லை. ஆனால் படிக்க இயலாத வாக்காளர், தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்லக் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. அந்த உதவியாளர் வாக்காளரின் முதலாளியாகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருக்கக் கூடாது. மகனோ மகளோ தாராளமாக உடன் செல்லலாம். வீட்டில் நிரப்புவதானால், உறையின்மீது கையெழுத்திட வேண்டியவர் வாக்காளரே. பிள்ளைகள் அவருக்காகக் கையெழுத்திடக் கூடாது. நிரப்பிய சீட்டு தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் கவுண்டியின் கைக்கு வந்து சேர வேண்டும். அன்றைய தபால் முத்திரை மட்டும் போதாது என்பதால், கடைசி வாரத்தில் தபாலில் போடுவதைவிட ஏதேனும் ஒரு வாக்கு மையத்தின் பெட்டியில் நேரில் போடுவதே பாதுகாப்பானது.